சண்டை ஒரு பக்கம் சாயும்போது: மேசை ஆர்பிஜியில் ஹவுஸ் ரூல் எப்போது, எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடி, ஆறு ஆறரைக்குக் கலைவது. மதுரைப் பக்கம் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கு ஒரு பாத்திரமாக, டைஸ் உருட்டிக் கதை ஆடும் மேசை ஆர்பிஜி) ஆடுகிறவர்கள் பலருக்கும் கிடைக்கிற நேரம் இவ்வளவுதான். ஒருவர் உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இன்னொருவருக்கு மறுநாள் காலையில் ஷிஃப்ட். அந்த நேரத்துக்குள் கதை கொஞ்சம், அரட்டை கொஞ்சம், சண்டை ஒன்று. அந்த ஒரு சண்டையும் இரண்டே ரவுண்டில் சப்பென்று முடிந்தால், "என்ன மாப்ள, இவ்வளவுதானா?" என்று யாராவது கேட்பார்கள். அடுத்த வாரத்துக்குள் ஆட்டத்தை நடத்தும் டிஎம் ஒரு ஹவுஸ் ரூல், அதாவது அந்த மேசைக்கு மட்டுமான புது விதி, எழுதிக்கொண்டு வந்துவிடுவார். மந்திரவாதியின் டேமேஜைக் குறை, மான்ஸ்டரின் ஹிட் பாயின்ட்டை (உயிர்ப் புள்ளி) இரட்டிப்பாக்கு, கிரிட்டிகல் (டைஸ் அமோகமாக விழுந்து படும் பலத்த அடி) விழுந்தால் கை போகட்டும் என்று ஏதாவது ஒன்று.

அந்த விதியை எழுதுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். சண்டை சாய்வதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு லாங் ரெஸ்ட்டுக்கும் (செலவான பலத்தைத் திரும்பத் தரும் இரவுத் தூக்கம்) அடுத்ததற்கும் நடுவில் எத்தனை சண்டை நடக்கிறது என்பதுதான். ஹவுஸ் ரூலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஞாயிறு மட்டும் ஆடுகிற மேசைக்கு ஒன்று தேவைப்படத்தான் செய்கிறது. அது டேமேஜைத் தொடாமல் ஓய்வைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: எந்த ஆட்டம் ஆடுகிறீர்கள் என்று பாருங்கள்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974ல் டி அண்ட் டியை வெளியிட்டபோது, சண்டைக்கு 1971ல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டின் விதிகளைத்தான் அடிப்படையாக வைத்தார்கள். இருபது பக்க டைஸை உருட்டி எதிரியின் ஆர்மர் கிளாஸை (அடி படத் தேவையான எண்) எட்டும் முறை அந்த முதல் பதிப்பில் ஒரு மாற்று முறையாகத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. பிறகு அதுவே எல்லோருக்கும் பழகிய முறையாகிவிட்டது. ஆக, விதியை மாற்றி ஆடுவது இந்த ஆட்டத்துக்குப் புதிதல்ல, யாரும் அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் ஒரே பதில் கிடையாது. பழைய பாணி ஆட்டங்கள் சண்டை சமமாக இருக்கும் என்று வாக்குறுதியே கொடுப்பதில்லை. எதிரி பெரியவன் என்று தெரிந்தால் ஓட வேண்டும், பேச வேண்டும், பொறி வைக்க வேண்டும். அங்கே சமநிலைக்காக விதி சேர்ப்பது ஆட்டத்தின் உயிரை எடுப்பது. மறுபுறம், 2019ல் வந்த பாத்ஃபைண்டர் என்ற ஆர்பிஜியின் இரண்டாம் பதிப்பில் கணக்கு மிக இறுக்கமானது. நாலு பேருக்கு 80 பாயின்ட் செலவழித்து மான்ஸ்டர்களை எடுத்தால் நடுத்தரச் சண்டை, 160 என்றால் உயிர் போகும் சண்டை. புத்தகம் சொன்னபடியே வரும். அந்த ஆட்டத்தில் இலக்கை 10 தாண்டினாலே கிரிட்டிகல் என்பதால், விளையாட்டாக ஒரு +2 கொடுத்தாலும் அடிபடும் வாய்ப்பு, கிரிட்டிகல் வாய்ப்பு இரண்டுமே ஏறிவிடும். அதில் கை வைக்காதீர்கள்.

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கணக்கு இருக்கிறது, ஆனால் அது சில அனுமானங்களின் மேல் நிற்கிறது. கீழே வருவதெல்லாம் 2014 பதிப்பின் எண்கள். 2024 திருத்தம் மாற்றிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2023ல் விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் வந்துவிட்டது. அதனால் மேசையில் ஒருவரிடம் மட்டும் புத்தகம் இருப்பது ஒரு பிரச்சினையே இல்லை.

இரண்டாம் படி: எது சாய்கிறது என்று எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டு போதும். சண்டை முடிந்ததும் நாலு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை ரவுண்டு ஓடியது, ஒவ்வொருவருக்கும் எத்தனை ஸ்பெல் ஸ்லாட்டும் (மந்திரம் போடும் வாய்ப்பு) ஹிட் பாயின்ட்டும் மிச்சம், மான்ஸ்டர் சாவதற்கு முன் எத்தனை முறை அடித்தது, கடிகாரத்தில் எவ்வளவு நேரம் ஆனது. இரண்டு மூன்று சண்டைக்கு இப்படி எழுதினால் போதும், படம் தெளிவாகிவிடும்.

"சண்டை சரியில்லை" என்ற ஒரே புகாருக்குள் வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. மான்ஸ்டர் கையை ஓங்குவதற்குள் செத்துப்போவது ஒன்று. ஒருவரே எல்லாவற்றையும் முடித்துவிட, மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டு பார்ப்பது இன்னொன்று. முடிவு தெரிந்த பிறகும் முக்கால் மணி நேரம் இழுப்பது மூன்றாவது. கட்சி (ஆடுகிறவர்களின் ஆட்கள் சேர்ந்த அணி) முழுக்க விழுகிற நிலைக்குப் போவது நாலாவது. மூன்றாவதற்கும் சமநிலைக்கும் சம்பந்தமே இல்லை, அது நேரப் பிரச்சினை. அதற்கு டேமேஜ் விதி எழுதினால் நோய் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் ஆகிவிடும்.

மூன்றாம் படி: ஒரு நாளைக்கு எத்தனை சண்டை?

இங்கேதான் எங்களைப் போன்ற மேசைகளின் விஷயம் முழுக்க இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போடுவோம்.

2014 டிஎம் கையேடு, கதைக்குள் ஒரு நாளில் ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல்களைக் கட்சி தாங்கும் என்று எடுத்துக்கொள்கிறது. நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (பலம் கொஞ்சம் மட்டும் திரும்பும் சின்ன ஓய்வு). மூன்றாம் லெவலில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைய கணக்கு 1200 எக்ஸ்பி (எதிரியின் பலத்தை அளக்கும் புள்ளி). நாலு பேர் என்றால் 4800.

இப்போது ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓகர் (பெரிய அரக்கன்), நாலு கோப்ளின் (குட்டி பூதம்). ஓகர் 450, கோப்ளின் ஒன்றுக்கு 50 வீதம் 200, கூட்டினால் 650. மூன்று முதல் ஆறு எதிரிகள் இருந்தால் இரண்டால் பெருக்கச் சொல்கிறது புத்தகம், ஆக 1300. மூன்றாம் லெவல் நாலு பேருக்குக் கடினமான சண்டையின் எல்லை 900, உயிருக்கு ஆபத்தான சண்டையின் எல்லை 1600. அப்படியென்றால் இது நல்ல கடினமான சண்டை. புத்தகத்தில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் 4800ல் 1300 என்பது கால்வாசிக்குச் சற்று மேல். அந்தச் சண்டையை முடித்ததும் கட்சி படுத்துத் தூங்கி லாங் ரெஸ்ட் எடுத்துவிட்டால், முக்கால்வாசி பலம் செலவாகாமலே அடுத்த நாளுக்குப் போகிறது. அது தெரிந்துவிட்டால் யார் மிச்சம் பிடித்து ஆடப் போகிறார்கள்? மூன்றாம் லெவல் மந்திரவாதிக்கு முதல் நிலை ஸ்லாட் 4, இரண்டாம் நிலை ஸ்லாட் 2. நாலு ரவுண்டு ஓடும் சண்டையில் ரவுண்டுக்கு ஒன்று என்று கொட்டலாம், கொட்டியும் இரண்டு மிஞ்சும். வாள்வீரனுக்கு அப்படிக் கொட்ட அதிகம் இல்லை. அவனுடைய பலம் எட்டாவது சண்டையிலும் அதே வேகத்தில் அடிப்பதுதான். எட்டாவது சண்டையே வராத மேசையில் அந்தப் பலம் யார் கண்ணிலும் படாது.

"மந்திரவாதி ரொம்ப ஓவர்" என்ற புகாரின் வேர் இதுதான். ஞாயிற்றுக்கு ஒரு சண்டை, சண்டைக்கு ஒரு லாங் ரெஸ்ட். இப்படி ஆடினால் எந்தப் புத்தகத்தின் கணக்கும் சாயும்.

விதியை மாற்றாமலே இதைச் சரிசெய்ய ஒரு வழி, ஒரே சண்டையை அலையலையாக வைப்பது. முதலில் ஓகரும் கோப்ளின்களும். மூன்றாம் ரவுண்டின் முடிவில், சத்தம் கேட்டு மலையின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம். முதல் அலையிலேயே எல்லா ஸ்லாட்டையும் தீர்த்தவர்களுக்கு இரண்டாவது அலையில் உண்மை புரியும். ஒரு நிபந்தனை: இரண்டாவது அலை வருவதற்கான அறிகுறியை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். கொம்பு ஊதும் சத்தம், தூரத்தில் பந்தம், ஏதாவது. அறிகுறி இல்லாமல் ஆட்களை இறக்கினால், கட்சி ஜெயிப்பது பிடிக்காமல் டிஎம் ஆள் சேர்க்கிறார் என்றுதான் மேசை நினைக்கும். நியாயமான நினைப்புதான்.

நான்காம் படி: யாருக்கு எத்தனை ஆக்‌ஷன்?

"பெரிய மான்ஸ்டர் ஒன்று" என்பது கதையில் பிரமாதமாக இருக்கும், டைஸில் நிற்காது. அதே ஓகரைத் தனியாக நிறுத்திப் பாருங்கள். ஹிட் பாயின்ட் 59, ஆர்மர் கிளாஸ் 11. மூன்றாம் லெவல் ஆட்கள் நாலு பேர் டைஸ் எண்ணோடு +5 கூட்டி அடித்தால் நூற்றுக்கு 75 அடி படும். அடிக்கு எட்டு ஒன்பது டேமேஜ் என்றால் ரவுண்டுக்கு ஏறக்குறைய 26. மூன்றாவது ரவுண்டில் ஓகர் கீழே. அதற்குள் அது இரண்டு மூன்று தடவை தடியை வீசியிருக்கும். ஆர்மர் கிளாஸ் 16 உள்ளவர் மேல் பாதிக்குச் சற்று மேல்தான் படும், பட்டால் சராசரி 13. உடல்வலு போனஸ் +2 உள்ள வாள்வீரனுக்கு 28 ஹிட் பாயின்ட். அவன் நின்றுகொண்டேதான் இருப்பான்.

இதற்குப் பலரும் எழுதும் விதி ஹிட் பாயின்ட்டை இரட்டிப்பாக்குவது. அதனால் சண்டை நீளும், ஆபத்து அவ்வளவாகக் கூடாது. ஐந்து ரவுண்டுக்கு நாலு பேர் மாறி மாறி ஒரு தூணை வெட்டுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். எதிரிக்குத் தேவை கூடுதல் முறை, அதாவது அடிக்க இன்னும் வாய்ப்பு. பெரிய டிராகன்களுக்குப் புத்தகமே மற்றவர்களின் முறை முடிந்ததும் செயல்படும் லெஜண்டரி ஆக்‌ஷன் மூன்று கொடுத்திருப்பது இதற்காகத்தான். சின்ன லெவலில் ஓகருடன் இரண்டு கோப்ளின் வில்லாளிகளைச் சேர்த்தாலே போதும்.

மறுபக்கமும் உண்டு. முதல் லெவல் ஆட்கள் நாலு பேருக்கு உயிராபத்து எல்லை 400. நாலு கோப்ளின் என்றால் 200, அதை இரண்டால் பெருக்கினால் 400. அதாவது நாலே கோப்ளின் வந்தாலே கோட்டில் நிற்கிறீர்கள். முதல் லெவல் மந்திரவாதிக்கு எட்டு ஹிட் பாயின்ட் இருந்தால் அதிகம், கோப்ளினின் ஒரு வெட்டு சராசரி ஐந்து. இரண்டு வெட்டில் ஆள் விழுவார். புதிதாக ஆட வந்த தம்பி, தங்கைகளை வைத்துக்கொண்டு எட்டு கோப்ளினை இறக்கிவிட்டு, ஆட்டமே சமமாக இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. முதல் லெவலில் மட்டும் எப்போதும் கட்சியின் எண்ணிக்கையைவிட எதிரியைக் குறைவாக வையுங்கள். 2024 கையேடு இந்தப் பெருக்கல் கணக்கையே எடுத்துவிட்டது. அதனால் எண்ணிக்கையின் மேல் நீங்களேதான் கண் வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: களம்

வெறும் சார்ட் பேப்பரில் ஓர் அங்குலக் கட்டம் போட்டு, நடுவில் கேரம் காயை வைத்துவிட்டு "சண்டை தொடங்குகிறது" என்று சொல்வதுதான் பல மேசைகளில் வழக்கம். அப்படிப்பட்ட வெற்று மைதானத்தில் தூரத்திலிருந்து சுடுகிறவர்களும் பரப்பி எரிக்கிறவர்களும்தான் ராஜா. ஒரு கட்டம் ஐந்து அடி. ஐந்தாம் லெவலில் வரும் ஃபயர்பாலின் குறுக்களவு 40 அடி, அதாவது எட்டுக் கட்டம். சராசரி டேமேஜ் 28. கோப்ளினுக்கு ஹிட் பாயின்ட் 7. சேவ் எடுத்து (தப்பிக்க டைஸ் உருட்டி) பாதி டேமேஜ் வாங்கினாலும் சராசரியில் பிழைக்காது. கும்பலாக நிறுத்தினால் ஒரே ஸ்பெல்லில் முடிந்துவிடும். அது டிஎம் நிறுத்திய விதத்தின் குறை. ஸ்பெல்லைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

களத்துக்கு மாதிரி தேடி எங்கேயும் போக வேண்டாம், நம் ஊரிலேயே அள்ளக் கிடைக்கிறது. திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை நினைத்துப் பாருங்கள். ஒரு ஆள் முழுசாக மறையும் பருமன். தூணின் ஓரத்தில் பாதி மறைந்தால் ஆர்மர் கிளாஸுக்கு +2, முக்கால்வாசி மறைந்தால் +5. கோப்ளினுக்கு அடித்த கையோடு, கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷனில் மறைந்துகொள்ளும் திறமை இருக்கிறது. அதே நாலு கோப்ளினைக் குறுவில்லோடு அந்தத் தூண் காட்டுக்குள் விட்டால், எக்ஸ்பி கணக்கில் ஒரு எண்ணும் மாறாது, சண்டை இரண்டு மடங்கு கடினமாகிவிடும். கட்சியில் உள்ள திருடனுக்கும் அப்போதுதான் வேலை வரும்.

கீழக்குயில்குடி சமணர் மலையில் பாறையில் வெட்டிய படிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட குறுகிய ஏற்றத்தில் எட்டு எதிரி இருந்தாலும் முன்னால் நிற்கிறவனோடு ஒருவர் இருவர்தான் மோத முடியும். கவசம் போட்ட வாள்வீரனை முன்னால் நிறுத்தி மற்றவர்கள் பின்னாலிருந்து சமாளிக்கலாம். பலவீனமான கட்சிக்கு இதைவிடப் பெரிய உதவி எந்த ஹவுஸ் ரூலும் செய்யாது. வைகை மணலைப் போல் கால் புதைகிற இடம் என்றால் கடின நிலம், ஒவ்வொரு அடிக்கும் இரண்டு அடி செலவாகும். 30 அடி ஓடுகிறவர் 15 அடிதான் போக முடியும். வில்லாளிக்கு அது வரம், கத்தியோடு ஓடுகிறவருக்குச் சிரமம். வண்டியூர் தெப்பக்குளமும் நடுவில் இருக்கும் மைய மண்டபமும் இன்னும் நல்ல மாதிரி. தண்ணீர் இருந்தால் படகு வேண்டும், வற்றியிருந்தால் நடந்தே போகலாம். வற்றிய காலத்தில் பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பள்ளத்தின் நீள அகலம் தெரியும். ஒரே வரைபடம், தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து இரண்டு வேறு சண்டைகள்.

இப்படி நடந்து பழகிய இடத்தை வைத்தால் இன்னொரு லாபம், விளக்கிச் சொல்லவே தேவையில்லை. "மகால் மாதிரி ஒரு மண்டபம்" என்றதும் எல்லோர் கண்ணிலும் படம் வந்துவிடும். உடனே "அண்ணே, நான் அந்த ரெண்டாவது தூணுக்குப் பின்னாடி போறேன்" என்று தானாகவே ஆடத் தொடங்குவார்கள்.

ஆறாம் படி: எதிரிக்கும் உயிர் மேல் ஆசை உண்டு

டி அண்ட் டியின் 1981 பதிப்பில் மொரால் (துணிச்சல்) என்று ஒரு எண் ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் இருந்தது. எதிரியின் பக்கம் முதல் ஆள் செத்ததும், பிறகு பாதிப் பேர் விழுந்ததும், டிஎம் இரண்டு ஆறுபக்க டைஸை உருட்டுவார். மொரால் எண்ணுக்கு மேல் விழுந்தால் அவர்கள் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். எண் 7 என்றால் ஓடும் வாய்ப்பு 36ல் 15.

முடிவு தெரிந்த பிறகும் இழுக்கிற சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. கடைசி இரண்டு ரவுண்டு அப்படியே மிச்சம், உசிலம்பட்டி பஸ்ஸையும் பிடிக்கலாம். ஓடிப்போன கோப்ளின் அடுத்த வாரம் ஆளைக் கூட்டிக்கொண்டு வரும், பிடிபட்ட கோப்ளினிடம் பேசலாம். எழுந்து நடக்கும் பிணங்களை மட்டும் கடைசி வரை சண்டை போட விடுங்கள், அவற்றுக்குப் பயம் கிடையாது. அந்த வித்தியாசமே அவற்றைப் பயங்கரமாக்கும்.

ஏழாம் படி: இதற்கு மேலும் தேவையென்றால், ஒரே ஒரு விதி

மேலே சொன்னதெல்லாம் செய்தும் சாய்கிறதா? ஞாயிறு மட்டும் ஆடும் மேசையில் பெரும்பாலும் சாயும், ஏனென்றால் மூன்றாம் படியின் பிரச்சினை அலைகளால் முழுசாகத் தீராது. அப்படியென்றால் எழுத வேண்டிய விதி இது:

"கூரையும் காவலும் உள்ள ஊருக்குள் ஒரு இரவு முழுக்கத் தூங்கினால் மட்டுமே லாங் ரெஸ்ட். வழியிலோ காட்டிலோ குகையிலோ தூங்கினால் அது ஷார்ட் ரெஸ்ட்."

அவ்வளவுதான். 2014 கையேட்டிலேயே ஷார்ட் ரெஸ்ட்டுக்கு 8 மணி நேரம், லாங் ரெஸ்ட்டுக்கு 7 நாள் என்று ஒரு மாற்று விதி இருக்கிறது. அதன் நோக்கமும் இதுதான். ஆனால் நாட்களை எண்ணுவதைவிட இடத்தை வைத்துச் சொன்னால் நினைவில் நிற்கும், கதையோடும் ஒட்டும். மேலூரிலிருந்து கிளம்பி அழகர்மலை மாதிரி ஒரு காட்டு மலைக்குப் போய்த் திரும்புகிற பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் ஒரு சண்டை, மலையேறும்போது ஒன்று, குகையில் ஒன்று, திரும்பும்போது ஒன்று. நாலு ஞாயிறு, நாலு சண்டை, ஒரே ஒரு லாங் ரெஸ்ட். சண்டைக்கு 1200 என்று வைத்தால் 4800 கச்சிதமாக வந்துவிடும்.

இதன் பக்கவிளைவுகளைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மந்திரவாதிக்கும் கிளெரிக்குக்கும் (பூசாரி) கை இறுகும். ஷார்ட் ரெஸ்ட்டில் பலம் திரும்பும் வாள்வீரனுக்கும் வார்லாக்குக்கும் (இன்னொரு வகை மந்திரக்காரர்) வாழ்வு. மேஜ் ஆர்மர் மாதிரி எட்டு மணி நேரம் நிற்கும் ஸ்பெல்களைக் கதைக்குள் நாலு நாள் நீளும் பயணத்தில் தினமும் போட்டால் ஸ்லாட் காலியாகிவிடும். அவற்றை அடுத்த லாங் ரெஸ்ட் வரை நீடிக்க விடுங்கள், நியாயமாக இருக்கும். ஹிட் பாயின்ட் திரும்ப ஷார்ட் ரெஸ்ட்டில் உருட்டிக்கொள்ள ஹிட் டைஸ் இருக்கிறது, ஆனால் மூன்றாம் லெவலில் ஆளுக்கு மூன்றுதான். வழியில் இரண்டு மூன்று மருந்துக் குப்பி கிடைக்கும்படி செய்யுங்கள். முக்கியமாக, இந்தத் தொடரின் நடுவில் உயிராபத்துச் சண்டை வைக்காதீர்கள்.

இனி, மேசைகளில் அடிக்கடி கேட்கிற மற்ற விதிகள். இவற்றில் சில ஆபத்தானவை.

டைஸில் 1 விழுந்தால் வாள் கைநழுவும், தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் என்ற விதியைத் தயவுசெய்து தவிருங்கள். ஒரு அடிக்கு 1 விழும் வாய்ப்பு நூற்றுக்கு 5. ஒரு முறையில் இரண்டு தடவை அடிப்பவருக்கு அது 9.75. நாலு தடவை அடிக்கும் இருபதாம் லெவல் மாவீரனுக்கு 18.5க்கு மேல். அதாவது வாளில் தேறத் தேற, வாளைத் தவறவிடுவது கூடுகிறது! ஃபயர்பால் போடுகிறவர் அடிக்க டைஸே உருட்டுவதில்லை, அவருக்கு இந்த விதியே கிடையாது. ஏற்கெனவே பின்தங்கியிருக்கும் ஆளை இது இன்னும் கீழே தள்ளும்.

கிரிட்டிகலில் ஒரு பாதி டைஸை உருட்டாமல் அதன் உச்ச எண்ணாகவே எடுப்பதும் பிரபலம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மான்ஸ்டருக்கும் அதே விதிதான். ஓகரின் சாதாரண கிரிட்டிகல் சராசரி 22, வாள்வீரன் ஆறு பாயின்ட்டோடு நிற்பான். இந்த விதியில் அது 29 ஆகும், 28 பாயின்ட் உள்ளவன் முழு பலத்தில் இருந்தாலும் விழுவான். மான்ஸ்டர் எப்படியும் அன்றைக்குச் சாகப்போவது. வாரா வாரம் அடி வாங்குவது ஆடுகிறவர்களின் ஆட்கள்தான். அதனால் கிரிட்டிகலைப் பலமாக்கும் எந்த விதியும் கடைசியில் கட்சிக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

எதிரியை இரண்டு பக்கமும் வளைத்தால் அட்வான்டேஜ் (இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுப்பது) என்பது கையேட்டிலேயே உள்ள விருப்ப விதி. 11 தேவைப்படும் இடத்தில் 50 விழுக்காடு ஒரே தாவில் 75 ஆகிவிடும். அட்வான்டேஜ் ஒன்றின் மேல் ஒன்று சேராது என்பதால், ஸ்பெல்லாலும் சொந்தத் திறமையாலும் அதைச் சம்பாதிப்பவர்களின் உழைப்பு வீணாகும். அதற்குப் பதில் +2 வையுங்கள். 50 என்பது 60 ஆகும், வளைத்ததற்கு மரியாதையும் இருக்கும்.

மருந்துக் குப்பியைப் போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம் என்ற விதியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பல மேசைகளில் ஹவுஸ் ரூலாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 திருத்தத்தில் அதுவே அதிகாரபூர்வ விதியாகிவிட்டது. சாதாரணக் குப்பி சராசரி 7 பாயின்ட்தான் தரும், அதற்காக முழு முறையையும் இழப்பது வலி.

ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்குப் போய் விழுந்து எழுந்தால் ஒரு படி எக்சாஸ்ஷன் (களைப்பு) என்ற விதியைப் பற்றி மட்டும் இரண்டு மனசு. விழுவதும் ஒரு ஸ்பெல்லில் எழுவதுமாகச் சண்டை கேலிக்கூத்தாகிற உயர் லெவல் மேசைக்கு அது பொருந்தும். கீழ் லெவலில் வேண்டாம். ஒருமுறை விழுந்தவர் பலவீனமாகி, அதனாலேயே மறுபடி விழுந்து, அப்படியே போய்ச் சேர்வார். மேலே சொன்ன ஓய்வு விதியோடு இதையும் சேர்த்து வைக்கவே கூடாது, ஏனென்றால் எக்சாஸ்ஷன் குறைவது லாங் ரெஸ்ட்டில்தான்.

எட்டாம் படி: டைஸ் உருளுவதற்கு முன் சொல்லுங்கள்

தாயம் ஆடும்போது, வெட்டாமல் பழமேறக் கூடாது என்பது சில வீடுகளில் உண்டு, சில வீடுகளில் இல்லை. காயை இறக்கும் முன்பே கேட்டுக்கொள்வோம். பாதி ஆட்டத்தில் யாராவது அப்படி ஒரு விதியைச் சொன்னால் சண்டைதான் வரும். இங்கேயும் அதேதான். சண்டையின் நடுவில் புது விதி பிறக்கக் கூடாது. நடுவில் சந்தேகம் வந்தால் டிஎம் அந்த ஒரு தடவைக்கு ஒரு முடிவு சொல்லிவிட்டு ஆட்டத்தை நகர்த்தட்டும். விதியாக்குவதா வேண்டாமா என்று ஆட்டம் முடிந்த பிறகு பேசலாம்.

பேசும்போது, பாதிக்கப்படுகிறவரிடம் முதலில் பேசுங்கள். ஓய்வு விதி என்றால் மந்திரவாதி ஆடுகிறவரிடம். மற்றவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் கூப்பிட்டு, "மாப்ள, ஒனக்குக் கை இறுகும், தெரிஞ்சேதான் கேக்குறேன். மூணு வாரம் ஆடிப் பார்ப்போம், புடிக்கலைன்னா எடுத்துருவோம்" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள். அவர் ஆளை வேறு வகுப்புக்கு மாற்றிக்கொள்ளவோ ஸ்பெல்களை மாற்றி எடுக்கவோ ஒரு வாய்ப்பு கொடுங்கள். பழைய விதியை நம்பித்தான் அவர் அந்த ஆளை உருவாக்கினார்.

விதிகளை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் எதையாவது அடியுங்கள். ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் எந்தப் பிரச்சினைக்காக எழுதினோம் என்று ஒரு வரி இருக்க வேண்டும். "ஞாயிற்றுக்கு ஒரு சண்டைதான் முடிகிறது, அதனால்" என்று எழுதியிருந்தால், பிறகு லீவு நாட்களில் காலையிலிருந்து ராத்திரி வரை ஆட நேரம் கிடைக்கும்போது அந்த விதியைத் தூக்கி வைத்துவிட யாருக்கும் தயக்கம் இருக்காது. புதிதாக ஒருவர் சேரும்போது அந்தத் தாளைத்தான் முதலில் கொடுக்க வேண்டும், ஆளை உருவாக்கும் முன்பே.

ஒன்பதாம் படி: லெவல் ஏறும்போது மறுபடி பாருங்கள்

மூன்றாம் லெவலில் சரியாக இருந்த விதி ஐந்தாம் லெவலில் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஐந்தில் வாள்வீரனுக்கு ஒரு முறையில் இரண்டு அடி, மந்திரவாதிக்கு மூன்றாம் நிலை ஸ்லாட், கேன்ட்ரிப்புகளின் (ஸ்லாட் செலவாகாத சின்ன மந்திரங்கள்) டேமேஜும் ஏறும். ஒரு ஆளின் ஒரு நாள் கணக்கு நாலாம் லெவலில் 1700, ஐந்தில் 3500. இரண்டு மடங்குக்கு மேல். நாலு ஞாயிற்றில் முடிந்த பயணத்துக்கு அதே அளவு மான்ஸ்டர்கள் போதாது. பதினொன்றில் வாள்வீரனுக்கு மூன்றாவது அடி வரும்போது இன்னொரு தடவை. ஆக ஐந்திலும் பதினொன்றிலும் இரண்டாம் படியின் நோட்டை எடுத்து, இரண்டு மூன்று சண்டைக்கு மறுபடி குறித்துப் பாருங்கள். ஸ்லாட் நிறைய மிஞ்சினால் ஊர்களைத் தள்ளி வையுங்கள். எல்லோரும் தடுமாறிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தால், மலைக்குப் போகும் வழியில் கூரையும் காவலும் உள்ள ஒரு சத்திரத்தைச் சேர்த்துவிடுங்கள்.